பறவைக்கும் பஸ்ஸுக்கும் நூறு தப்படி

கோரைமுனை என்ற ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒருமுறை தாலுகா ஆபீஸ் சுவரில் தொங்கிய படத்தில் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தேடிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் வெறும் நீலம்தான் இருந்தது. படம் எழுதியவர் வந்த அன்றைக்கு நாமெல்லாம் கடலுக்குப் போயிருப்போம், ஆளில்லாத ஊரை அவர்தான் எப்படி எழுதுவார், பாவம் என்று அவருக்காகப் பரிந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள். அடுத்தவரைக் குறை சொல்லத் தெரியாத நல்ல ஜனங்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வேலையைச் சொல்வதானால் கொஞ்சம் பார்த்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

அந்த ஊரில் நம்பையா என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்டாட்டி பூரணம் தாழைவலசைக்காரி. தாழைவலசை வரைக்கும்தான் பஸ் வரும். அங்கிருந்து கோரைமுனைக்கு நாலு மைல் பொட்டல் மணல். சித்திரை மாதத்தில் ஒரு நாள் இருவரும் பூரணத்தின் அம்மா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நம்பையா தலையில் பெட்டியைச் சுமந்து முன்னால் நடந்தான். பூரணத்தின் இடது செருப்பு மணலுக்குள் போயிற்று. அதை எடுக்கக் குனிந்தபோது வலது செருப்பின் வார் அறுந்தது.

"நீங்க முன்னால போங்க, நான் வாரேன்" என்றாள்.

நம்பையா முன்னால் போனான். போகச் சொன்னபோது திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை என்பதால் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு மைலும் அவளோடு சுகதுக்கம் பேசிக்கொண்டே நடந்தான். இன்றைக்கு இவள் நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று மனசுக்குள் பெருமைப்பட்டான். வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்துப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை.

பெட்டியையும் தூக்கிக்கொண்டு மறுபடி நாலு மைல் ஓடினான். பூரணம் தாய் வீட்டு வாசலில் கொப்புளம் போட்ட காலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா பாருங்க" என்றாள். "கோரைமுனை ஸ்டாப்புல பஸ் வந்து நிக்கட்டும். அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு ஏறுறேன். அதுவரைக்கும் ஒரு பொட்டு மணல் என் கால்ல ஒட்டக்கூடாது, சொல்லிட்டேன்."

"பஸ்ஸே வராதே, பூரணம்."

"அப்ப நானும் வரலை."

நம்பையா தனியாகத் திரும்பினான். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. சோறு பொங்கினால் குழைந்தது, குழம்பு வைத்தால் தீய்ந்தது. ஆனால் அவனை வாட்டியது வயிறு இல்லை. மீன் கூடையை எங்கே வைத்தாலும் "அங்க வைக்காதீங்க" என்று சொல்ல ஆளில்லாமல், எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவள் இல்லாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெட்கத்தைவிட்டு அழுதான்.

இந்த நிலைமையில்தான் டீச்சரம்மா வந்தார்.

அவர் பெயர் தில்லைநாயகி. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கடற்கரை நெடுகக் கடற்பறவைகளைப் பார்க்க நல்ல இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஊர் ஊராகத் தேடிப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். தொப்பி போட்டுக்கொண்டு நாலு மைல் மணலை நடந்தே கடந்து வந்து சேர்ந்தவருக்கு ஊர் எல்லையில் ஒரு தாம்பாளத்தை நீட்டினார்கள். தாம்பாளத்தில் கருவாடு இருந்தது.

இது கோரைமுனையின் வழக்கம். மற்ற ஊர்களில் விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு நீட்டுவார்கள். அந்த மணலில் வெற்றிலை ஏது? எனவே மீன். வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு மீனையாவது எடுத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு. தபால்காரரும் எடுத்தாகவேண்டும், ஊசி போட வரும் நர்சம்மாவும் எடுத்தாகவேண்டும். விருந்தாளி வரும் நேரத்தில் வெறுங்கையோடு நிற்பதைப்போல அவமானம் அந்த ஊரில் வேறு கிடையாது. கருவாடு போடும் குஞ்சரத்தின் பொறுப்பில் அதற்கென்றே ஒரு கூடை எப்போதும் நிரம்பியிருக்கும்.

டீச்சரம்மா சைவம். ஆனாலும் ஒரு நெத்திலியை எடுத்து மரியாதையாகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்க ஊர்ல கடற்பறவை பார்க்க நல்ல இடம் எதாவது இருக்கா?"

ஊர்த் தலைவர் குமரய்யா யோசித்தார். "பறவையப் பாக்கத் தனியா இடம் வேணுமாம்மா? மேல பாத்தாத் தெரியுமே."

டீச்சரம்மா பொறுமைசாலி. முப்பது வருடம் வகுப்பு எடுத்தவர். விளக்கிச் சொன்னார். நல்ல இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஊர் பட்டியலில் ஏறும், பட்டியலில் ஏறினால் பார்க்க ஜனங்கள் வருவார்கள், ஜனங்கள் வந்தால் பஸ் வரும், பஸ் முதலாளி தன்னிடம் படித்தவர்தான் என்றார்.

பின்வரிசையில் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நம்பையா, பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

"நான் கண்டுபிடிக்கிறேன், டீச்சரம்மா! என்ன செய்யணும், சொல்லுங்க!"

டீச்சரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காலையில் பார்க்கவேண்டும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். பறவைக்கும் நமக்கும் நடுவில் நூறு தப்படி இருக்கவேண்டும். பறவையின் கண்ணில் நாம் படக்கூடாது, சத்தமும் கூடாது. நிறையப் பறவை உட்காரும் இடத்தில் அடையாளத்துக்குக் கொடி நடவேண்டும். சிவப்புக் கொடி ஒன்றும் பழைய பைனாகுலர் ஒன்றும் கொடுத்துவிட்டு, பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனார்.

தேடப் போக நாலு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலைவர் குமரய்யா, தலைவர் என்பதால். குஞ்சரம், வழியில் விருந்தாளி யாராவது எதிர்ப்பட்டால் கூடை வேண்டும் என்பதால். நம்பையா, பெண்டாட்டி வேண்டும் என்பதால். நாலாவது ஆள் மலையரசன். அவர் ஒருமுறை மதுரை வரைக்கும் போய்விட்டுச் சரியாகச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். அன்றிலிருந்து ஊரில் அவர்தான் அறிவாளி.

முதல் நாள் விடிந்ததும் மணல் முனைக்குப் போய் உட்கார்ந்தார்கள். சூரியன் கடலிலிருந்து எழுந்தது. தலைவர் தாளைப் பார்த்தார்.

"சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கணும். எல்லாரும் திரும்புங்கப்பா."

திரும்பினார்கள். கடல் பின்னால் போயிற்று. எதிரே குஞ்சரம் வீட்டுக் குப்பைமேடு தெரிந்தது. அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

"ஏழு கோழி" என்றார் தலைவர்.

"எட்டு. ஒண்ணு உள்ள அடைகாக்குது" என்றாள் குஞ்சரம்.

"கோழி கடற்பறவையில சேருமா, அண்ணே?" என்று நம்பையா மலையரசனைக் கேட்டான்.

"கடலோரத்துல இருக்கு. மீன் திங்குது. ஆனா டீச்சரம்மா கோழியப் பாக்கவா அம்புட்டுத் தூரம் நடந்து வந்தாக?" என்று மலையரசன் தாடையைத் தடவினார். "நம்ம உக்காந்த இடம் தப்பு. சூரியனும் கடல்ல இருக்கு, பறவையும் கடல்ல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காரணும்."

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போனார்கள். இப்போது சூரியன் முதுகில் சுட்டது, கரை முகத்துக்கு நேரே இருந்தது. அந்தக் கரையில், அவர்கள் சற்று முன் உட்கார்ந்திருந்த அதே மணல் முனையில், ஆலாவும் கடற்காகமும் உள்ளானும் இடமில்லாமல் அடைந்து உட்கார்ந்திருந்தன. அத்தனை பறவையையும் நம்பையா பஸ்ஸாகவே பார்த்தான்.

"கொடி! கொடி!" என்று கத்திக்கொண்டு நாலு பேரும் துடுப்புப் போட்டார்கள். வள்ளம் கரை தட்டியதும் நம்பையா கொடியோடு குதித்து ஓடினான். கொடியை நட்டபோது முனையில் ஒரு இறகுகூட இல்லை.

"இது நல்ல இடம் இல்லை" என்றார் தலைவர் கவலையோடு. "ஒரு பறவையும் காணோம்."

கொடியைப் பிடுங்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் பறவைகள் வந்து உட்கார்ந்தன. மறுபடி துடுப்புப் போட்டார்கள், மறுபடி நட்டார்கள், மறுபடி பிடுங்கினார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை ஒன்பது தடவை இது நடந்தது.

"எனக்கு விளங்கிருச்சு" என்றார் மலையரசன் மூச்சு வாங்க. "நம்ம எங்க இல்லையோ அதுதான் நல்ல இடம்."

மதுரைக்குப் போய் வந்தவர் போய் வந்தவர்தான்.

"அப்ப நம்ம இல்லாத எடத்துல கொடியை யாருண்ணே நடுறது?" என்று கேட்டான் நம்பையா.

அந்தக் கேள்விக்கு மதுரையிலும் பதில் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் பைனாகுலரை எடுத்தார்கள். மலையரசன் அதைக் கண்ணில் வைத்தார். பத்தடி தள்ளி, பறக்கச் சோம்பல்படும் ஒரு கிழட்டுக் கடற்காகம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அவர் தலைகீழாகப் பிடித்திருந்ததால் அது கடுகளவில் தெரிந்தது.

"அடேயப்பா! அரை மைல் இருக்கும்" என்றார். "நூறு தப்படிக்கு மேலயே இருக்கு. தாராளமாக் கிட்டப் போகலாம்."

பைனாகுலரைக் கண்ணைவிட்டு எடுக்காமல் முன்னால் நடந்தார். மற்ற மூன்று பேரும் அவர் பின்னால் நடந்தார்கள். கடற்காகம் அவருடைய முழங்காலைக் கொத்தியது.

"என்னமோ கொத்துச்சு."

"கடற்காகந்தான் மலையரசு" என்றார் தலைவர்.

"இருக்காது தலைவரே. அது அரை மைலுக்கு அந்தப் பக்கம் நிக்குது. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

கண்ணால் பார்க்கிறவர் சொல்லும்போது கொத்து வாங்காதவர்கள் மறுத்துப் பேசுவது முறையில்லை. மலையரசன் இன்னும் இரண்டு கொத்து வாங்கினார். பிறகு பைனாகுலர் தலைவர் கைக்கு வந்தது. அவர் அதைத் தற்செயலாக நேராகப் பிடித்துவிட்டார்.

"ஐயையோ!" என்று அலறினார். "மூக்குக்கு நேர நிக்குது! நூறு தப்படி வேணும், நூறு தப்படி! பின்னால போங்க!"

நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். தலைவர் பைனாகுலரை எடுக்கவேயில்லை.

"இன்னும் கிட்டத்துலதான் இருக்கு! அலகுல ஒட்டியிருக்கிற செதிலு தெரியுது! போங்க, போங்க!"

கோரையைத் தாண்டினார்கள், குப்பைமேட்டைத் தாண்டினார்கள், எட்டாவது கோழியின் மேல் குஞ்சரம் உட்கார்ந்து எழுந்தாள். கடைசியில் நாலு பேரும் ஊருக்குப் பின்னாலிருந்த உப்பங்கழியில் மல்லாந்து விழுந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றும் தலைவர் பைனாகுலரை விடவில்லை.

"இப்ப ஒண்ணும் தெரியலை" என்றார் நிம்மதியாக. "நூறு தப்படி ஆயிருக்கும்."

இப்படியே ஒன்பது நாளும் போயின. கொடி நம்பையாவின் கையிலேயே இருந்தது. மறுநாள் டீச்சரம்மா வந்துவிடுவார். காட்ட ஒரு இடம் இல்லை. நம்பையா மணலில் உட்கார்ந்து கேவினான்.

"என் பூரணம் இனிமே வரமாட்டா. பறவையெல்லாம் நம்மளக் கண்டாலே பறந்து போயிருதே. நம்ம ஊர் மேல அதுகளுக்கு என்ன கோபம்?"

குஞ்சரத்துக்கு மனசு பொறுக்கவில்லை. கூடையை இறக்கி வைத்து யோசித்தாள்.

"கோபம் இருக்காதா பின்ன? எம்புட்டுத் தூரத்துல இருந்து கடல் தாண்டி வருதுக. அதுகளை யாராவது முறையாக் கூப்பிட்டோமா? ஒரு தாம்பாளம் நீட்டினோமா? கொடியத் தூக்கிக்கிட்டு விரட்டுனோம்."

எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வயசுக்கு இப்படி ஒரு மரியாதைக் குறைவை அந்த ஊர் செய்ததில்லை.

மறுநாள் காலையில் ஊரிலிருந்த தாம்பாளம் அத்தனையும் மணல் முனைக்குப் போயிற்று. எல்லாவற்றிலும் அன்றைக்குப் பிடித்த சாளை மீன். தாம்பாளங்களுக்கு நடுவில் நம்பையா கொடியை நட்டான். வைத்துவிட்டு எல்லோரும் ஒளிந்துகொண்டார்கள், பறவையின் கண்ணில் படக்கூடாது என்று தாளில் இருக்கிறதே. வலைக்குவியலுக்கு அடியில் சிலர், குதிருக்குள் சிலர், கவிழ்த்துப் போட்ட வள்ளங்களுக்கு அடியில் மற்றவர்கள். நாய், கோழி எல்லாம் வீட்டுக்குள் அடைபட்டன. கோரைமுனையில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

டீச்சரம்மா வந்தார். ஊர் எல்லையில் ஒரு தாம்பாளம் மட்டும் தரையில் இருந்தது. அவர் ஒரு நெத்திலியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். மணல் முனையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆயிரக்கணக்கில் பறவைகள். கொடிக் கம்பத்தின் உச்சியில்கூட ஒரு ஆலா உட்கார்ந்திருந்தது.

வெகு நேரம் பார்த்த பிறகு, "யாராவது இருக்கீங்களா?" என்று மெல்லக் கூப்பிட்டார்.

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்துக்குள்ளிருந்து தலைவரின் குரல் கேட்டது.

"பறவையெல்லாம் போயிருச்சாம்மா?"

"இல்லை, இருக்கு."

"அப்ப நாங்க இல்லை."

டீச்சரம்மாவின் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ கரை பார்த்திருக்கேன். ஒரு ஊரே பறவைக்காக இப்படி அடங்கி ஒடுங்கி இருந்து நான் பார்த்ததில்லை" என்று வள்ளத்தைப் பார்த்துச் சொன்னார். "பட்டியல்ல முதல் இடம் உங்க ஊருக்குத்தான். பாதையில செம்மண் கொட்டி முடிஞ்சதும், வர்ற அமாவாசை கழிச்சு முதல் வெள்ளிக்கிழமை பஸ் வரும். ஸ்டாப்புக் கம்பத்தை நீங்களே நட்டுக்கங்க. ஆனா ஒண்ணு, எந்தக் காரணம் கொண்டும் பறவைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல நூறு தப்படி குறையவே கூடாது."

வள்ளத்துக்குள் யாரோ ஒருவன் சத்தம் போடாமல் அழுதான். அது நம்பையா.

பஸ் வருவதற்கு ஆறு நாள் முன்னதாகக் கம்பம் நட்டார்கள். தகரத்தில் "கோரைமுனை" என்று நம்பையாவே பெயிண்டால் எழுதினான். பஸ் என்பது முதன்முதலாக ஊருக்கு வரும் விருந்தாளி. அது ஒருவேளை முந்தி வந்துவிட்டால் வெறுங்கையோடு நிற்கமுடியுமா? குஞ்சரம் கருவாட்டுக் கூடையோடு கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து கூடையைச் சுற்றி இறங்கின. தாம்பாள மரியாதை கண்ட பறவைகள் அல்லவா, இப்போதெல்லாம் அவை கோரைமுனைக்காரர்களைக் கண்டு பறப்பதில்லை.

"தலைவரே! நூறு தப்படி!" என்று கத்தினான் நம்பையா.

தலைவர் பதறினார். "பறவைய நகரச் சொல்லுவமா?"

"விருந்தாளிய எந்திரிச்சுப் போகச் சொல்றதா?" என்று குஞ்சரம் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப கம்பத்தை நகர்த்த வேண்டியதுதான்" என்றார் மலையரசன்.

கம்பத்தைப் பிடுங்கி நூறு தப்படி தள்ளி நட்டார்கள். பஸ் வரும் திசையில்தானே நடவேண்டும், எனவே தாழைவலசைப் பக்கமாக. குஞ்சரமும் கூடையோடு போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பறவைகளும் வந்து உட்கார்ந்தன. மறுபடி பிடுங்கினார்கள்.

"பறவைக்கும் பஸ் பாக்கணும்னு ஆசை இருக்காதா?" என்றார் மலையரசன்.

மூன்றாவது நாள் நம்பையாவுக்கு ஒரு யோசனை வந்தது. "மதினி, கூடையை இங்கேயே வச்சுட்டுக் கம்பத்தை மட்டும் கொண்டு போனா என்ன?"

குஞ்சரம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பஸ் வர்ற நேரத்துல வெறுங்கைய வீசிக்கிட்டு நிக்கச் சொல்றியா தம்பி? உன் பொண்டாட்டி ஏறி வர்ற பஸ்ஸுய்யா அது."

நம்பையா தலையைக் குனிந்துகொண்டான். அப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததே என்று அன்று முழுக்கக் கூசினான்.

நாளுக்குப் பதினாலு தடவை கம்பம் இடம் பெயர்ந்தது. நாலாம் நாள் நம்பையா திரும்பிப் பார்த்தான். ஊர் கண்ணுக்குத் தெரியவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு மலையரசனிடம் ஓடினான்.

"அண்ணே, ஸ்டாப்பு கோரைமுனைய விட்டு ரொம்பத் தூரம் வந்துருச்சே?"

மலையரசன் சிரித்தார். "தகரத்துல என்ன எழுதியிருக்கு?"

"கோரைமுனை."

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

"நீ பொய் எழுதுவியா?"

"சத்தியமா மாட்டேன், அண்ணே."

"அப்புறம் என்ன? போர்டு இருக்கிற எடம்தான் கோரைமுனை. நம்ம எங்கயும் போகலை."

நம்பையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கம்பம் தாழைவலசையின் முதல் வீட்டு வாசலில் நின்றது. நல்லவேளையாகத் தாழைவலசை நாய்கள் முரட்டு நாய்கள். பறவைகள் அவற்றைப் பார்த்ததும் சரியாக நூறு தப்படிக்கு அந்தப் பக்கமே இறங்கிவிட்டன. தலைவர் மூன்று தடவை எண்ணிப் பார்த்துத் திருப்தியானார்.

அந்த முதல் வீட்டுக் கதவு திறந்தது. பூரணம் வெளியே வந்தாள். வாசலில் கடப்பாரையோடு நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"பஸ் ஸ்டாப்பு நடுறேன், பூரணம்!"

அவள் தகரத்தைப் படித்தாள். "கோரைமுனைன்னு போட்டிருக்கு?"

"ஆமா. பத்து மணிக்குப் பஸ். நீ சொன்ன மாதிரியே. பெட்டிய எடு, பெட்டிய எடு!" தோளில் தொங்கிய மீன் கூடையைத் தொட்டுக் காட்டினான். "நீ இல்லாம மீன் கூடையை எங்க வைக்கிறதுன்னே தெரியலை, பூரணம்."

பூரணத்துக்கும் உள்ளுக்குள் ஏக்கம் இல்லாமல் இல்லை. மூன்று மாதமாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிற்று. இவன் புத்தி இப்படித்தான், வீடு போய்ச் சேர்ந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து உள்ளே போய்ப் புடவை மாற்றி, புதுச் செருப்புப் போட்டு, பெட்டியோடு வந்தாள். அவள் அம்மா முத்திருளாயியும் வழியனுப்ப வாசலுக்கு வந்து நின்றாள்.

பத்து மணிக்குப் பஸ் வந்தது. மாலை போட்ட புது பஸ். டிரைவர் தகரத்தைப் பார்த்து பிரேக் போட்டார். குஞ்சரம் ஓடிப்போய்த் தாம்பாளத்தை நீட்ட, அவர் ஒன்றும் புரியாமல் ஒரு கருவாட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நம்பையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பூரணம் பின்னாலேயே ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். இந்தத் தடவை நம்பையா மறக்காமல் திரும்பிப் பார்த்துக்கொண்டான். இருந்தாள்.

கண்டக்டர் வந்தார். "எங்க போகணும்?"

"கோரைமுனை, ரெண்டு" என்றான் நம்பையா நெஞ்சை நிமிர்த்தி.

கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்துக்குப் புதியவர். "இதாங்க கோரைமுனை. கடைசி ஸ்டாப்பு. வண்டி திரும்பணும், இறங்குங்க, இறங்குங்க."

நம்பையா இறங்கினான். பூரணம் இறங்கினாள். பஸ் திரும்பித் தூசி கிளப்பிக்கொண்டு போயிற்று.

"பாத்தியா!" என்றான் நம்பையா பிரமித்துப்போய். "நாலு மைலு! உக்காந்ததுதான் தெரியும், வந்துட்டோம். காலப் பாரு, பூரணம். ஒரு பொட்டு மணல் ஒட்டியிருக்கா?"

பூரணம் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி உதறிப் பார்த்தாள். ஒரு பொட்டு மணல் இல்லை. கோரைமுனை ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றிருந்தது, அவள் பெட்டியோடு ஏறியிருந்தாள், இறங்கியும் இருந்தாள். சொன்ன சொல்லில் எந்த இடத்தைப் பிடித்துச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியை இறக்கியும் கூடையை இறக்காமல் நின்ற நம்பையாவைப் பார்த்து, "அத அந்தத் திண்ணை மூலையில வைங்க" என்று மட்டும் சொன்னாள். நம்பையாவுக்கு அந்த நிமிடமே பசி எடுத்தது.

அப்போதுதான் வாசலில் நின்ற மாமியாரை அவன் கவனித்தான். பதறிப்போய்த் தாம்பாளத்தில் நாலு கருவாட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஓடினான்.

"வாங்க அத்தை, வாங்க! இம்புட்டுத் தூரம் வந்துட்டு வாசல்லயே நிக்கிறீங்களே. எடுத்துக்கங்க. உள்ள வந்து கை நனச்சிட்டுத்தான் போகணும்."

முத்திருளாயி தன் வீட்டைப் பார்த்தாள். வாசலில் நின்ற தகரத்தைப் பார்த்தாள். சுற்றி நின்ற நாலு பேரும் விருந்தாளியைப் பார்க்கும் முகத்தோடு தன்னைக் கும்பிடுவதையும் பார்த்தாள். கை தானாக நீண்டு ஒரு கருவாட்டை எடுத்தது.

"அது சரி மாப்பிள்ளை" என்றாள் தடுமாறி. "இது கோரைமுனைன்னா, நான் எப்படி எங்க ஊருக்குப் போறது?"

"அதுக்கு ஏன் கவலைப்படுறீங்க, அத்தை?" என்றான் நம்பையா. "அதான் பஸ் விட்டிருக்காகல்ல?"